சொந்தமாக ஒரு மொழி உருவாக்க ஆசை. அகராதி 300 சொல்லோடு நின்றுவிட்டது. எங்கே பிசகியது?

கேள்வியின் சாரம் இது: பொழுதுபோக்காக ஒரு கற்பனை மொழியைத் தொடங்கி 300 சொல் சேர்த்தாகிவிட்டது, ஆனால் அதில் ஒரு வாக்கியம்கூட எழுத வரவில்லை. எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும்?

பிசகியது அந்த வரிசையில்தான். எல்லோரும் சொல்லில் தொடங்குகிறார்கள். ஆனால் சொல் கடைசியாக வர வேண்டியது. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஒரு புதுச்சொல் என்று எழுதிக்கொண்டே போனால் கிடைப்பது சங்கேதத் தமிழ். வேற்றுமை உருபும் எச்சமும் கால இடைநிலையும் தமிழில் இருப்பதுபோலவே இருக்கும், ஒலி மட்டும் மாறியிருக்கும். இது பழைய முட்டுச்சந்து. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் உருவாக்கிய 'லிங்குவா இக்னோட்டா'வில் ஏறக்குறைய ஆயிரம் சொல் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே பெயர்ச்சொல். தனி இலக்கணம் இல்லாததால் அந்தச் சொற்களை லத்தீன் வாக்கியத்துக்குள் செருகித்தான் எழுத முடிந்தது.

அந்த 300 சொல்லை அழிக்க வேண்டாம், தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு எது தேறும் என்று பார்க்கலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது மொழி எதற்கு என்பது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும், ஆனால் அந்த வரி இல்லாமல் அடுத்த எந்த முடிவையும் எடுக்க முடியாது. 1887இல் ஜாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ யாரும் சீக்கிரம் கற்க வேண்டும் என்பதற்காக உருவானது. அதனால் பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்தில் முடியும், பெயரடை எல்லாம் ஆகாரத்தில் முடியும், விதிவிலக்கு கிடையாது. சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனாவின் நோக்கம் குறைந்த சொல்லில் எவ்வளவு சொல்ல முடியும் என்று பார்ப்பது. மெய்யொலி 9, உயிரொலி 5, சொல் சுமார் 120. 'ஸ்டார் டிரெக்' கதைகளில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கான் மனிதர் பேச்சுபோல இருக்கக் கூடாது என்பதால் மார்க் ஓக்ராண்ட் அதற்கு மிக அரிதான வாக்கிய வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். நோக்கம் மாறினால் நல்ல முடிவு எது என்பதும் மாறிவிடும். ஒரு கதையின் மலைவாழ் மக்கள் பேசும் மொழி என்றால் எஸ்பெராண்டோவின் ஒழுங்கு அதற்குக் குறையாகவே தெரியும். எந்த இயற்கை மொழியும் அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை.

அடுத்தது ஒலி. தமிழ் எழுத்திலேயே மொழியைக் குறித்துவைப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே க. ஆனால் வாயில் வருவது மூன்று வேறு ஒலிகள். சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் அதிர்வொலி, உயிர்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட ஹகரம். உங்கள் மொழியில் 'மெக' என்று எழுதினால் அதை எப்படிப் படிப்பது? ஒரு வாரம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. தப்பிக்க இரண்டு வழி உண்டு. தமிழின் பழக்கத்தையே புதுமொழியின் விதியாக எழுதிவைத்துவிடலாம். அது முற்றிலும் இயல்பான விதிதான். அல்லது சர்வதேச ஒலியெழுத்தில் உங்களுக்குத் தேவையான 20, 30 குறிகளை மட்டும் கற்றுக்கொள்ளலாம். கீழே வரும் மாதிரி மொழியில் க, த, ப மூன்றும் எங்கு வந்தாலும் வல்லொலிதான்.

எத்தனை ஒலி வைப்பது? ஹவாய் மொழி 8 மெய்யோடு குறையில்லாமல் வாழ்கிறது. புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கேட்டு ரசித்த அரபு ஒலி ஒன்று, சீன ஒலி ஒன்று, ஆப்பிரிக்க நாச்சொடுக்கு ஒன்று என்று 45 ஒலியைக் குவித்துவிடுவார்கள். ஒலிகள் குடும்பமாக வரும் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். ப, த, க மூன்றும் இருக்கிற மொழியில் ம, ன இருப்பது இயல்பு. அதிர்வொலி வேண்டுமென்றால் மூன்று இடத்திலும் சேர்ப்பது இயல்பு. வரிசையாகச் சேர்த்தால் மொழிக்கு ஒரு குரல் வரும். உதிரியாகப் பொறுக்கினால் வராது.

மாதிரிக்கு ஒரு மொழியை இங்கேயே கட்டுவோம். மெய் 9: ப, த, க, ம, ன, ஸ, ல, ர, வ. உயிர் 5: அ, இ, உ, எ, ஒ. நெடில் இல்லை.

ஒலிப் பட்டியலைவிட முக்கியமானது எது எதற்குப் பக்கத்தில் வரலாம் என்பது. மொழியின் சாயலைத் தீர்மானிப்பது அதுதான். இதற்கு வெளியே போய்ப் பாடம் கற்க வேண்டியதில்லை. நம் இலக்கணக்காரர்கள் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று பிரித்து எழுதிவைத்தது இதே விஷயம்தான். நன்னூல் கணக்கில் சொல்லின் முதலில் வருபவை 22, இறுதியில் வருபவை 24. அதே மூன்று தலைப்பை உங்கள் மொழிக்கும் போட்டு நிரப்புங்கள். மாதிரி மொழியில் விதி இப்படி: ஓர் அசையில் உயிர் கட்டாயம், அதற்கு முன் ஒரு மெய் வரலாம், பின்னால் ன் அல்லது ல் மட்டும் வரலாம். அப்படியானால் தொடக்கத்துக்கு 10 வாய்ப்பு (9 மெய், அல்லது ஒன்றும் இல்லாமை), உயிருக்கு 5, முடிவுக்கு 3. பெருக்கினால் 150 அசை. ஈரசைச் சொல்லுக்கு 22,500 இடம் இருக்கிறது, ஆயுளுக்கும் போதும். 150 ஓரசைகளையும் பொருட்பெயர்களுக்கு வாரி இறைக்காமல் இலக்கணச் சொற்களுக்கு ஒதுக்கிவையுங்கள். எல்லா மொழியிலும் அடிக்கடி புழங்குகிற சொல் குட்டையாகத்தான் இருக்கும். 'அல்லது' என்பதற்கு நாலசைச் சொல் வைத்த மொழியைப் பேசிப் பார்த்தால் வாய் வலிக்கும்.

இனி இலக்கணம். நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம். தமிழ் பேசுபவருக்கு எது தானாக நுழையும் என்று முதலில் தெரிய வேண்டும். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவது, 'எனக்குப் பசிக்கிறது' என்று பசிப்பவனை நான்காம் வேற்றுமையில் வைப்பது, நாம், நாங்கள் என்ற பிரிவு, உயர்திணை, அஃறிணை, 'என்று' போட்டு அடுத்தவர் பேச்சை முடிப்பது, 'வந்த பையன்' என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன் வைப்பது. இவை எதுவும் தவறில்லை. தேர்ந்தெடுத்து வைத்தால் அது உங்கள் முடிவு. யோசிக்காமல் வந்திருந்தால் அது தமிழின் நிழல். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வைக்கிறேன், மாற்றுகிறேன், தூக்குகிறேன்' என்று ஒரு சொல் எழுதினாலே மொழி பாதி பிறந்துவிடும்.

வாக்கிய வரிசையை எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளின் கட்டமைப்பைத் தொகுத்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில் உள்ள 1,376 மொழிகளில் தமிழைப்போல வினை கடைசியில் வருபவை 564, ஆங்கிலத்தைப்போல நடுவில் வருபவை 488, வினை முதலிலும் எழுவாய் அடுத்தும் வருபவை 95. கிளிங்கான் வரிசையில் 11. மாதிரி மொழிக்கு வினைமுதல் வரிசையைத் தேர்ந்தெடுப்போம். இதைத் தேர்ந்தெடுத்த கையோடு இன்னொரு முடிவும் வந்து சேர்கிறது. வினைமுதல் மொழிகளில் '-க்கு', '-இல்' போன்றவை பெயருக்கு முன்னால் வரும் என்று ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் தொகுத்த 45 பொதுமைகளில் ஒன்று சொல்கிறது. ஒரு கண்ணியை இழுத்தால் மற்றது அசைகிறது. இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இதுதான் என்பேன்.

காலம் காட்ட வினையை வளைக்காமல் ஒரு தனிச்சொல்லை முன்னால் வைப்போம். கூடவே ஒரு கட்டாய விதி: எதைச் சொன்னாலும் கண்ணால் கண்டதா, கேள்விப்பட்டதா, ஊகமா என்று வினைக்குப் பின் குறித்தாக வேண்டும். தமிழில் 'வந்தானாம்' என்பதில் வரும் ஆம் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் நமக்கு அது விருப்பம், இங்கே கட்டாயம். கெச்சுவா போன்ற மொழிகளில் உண்மையாகவே இருக்கும் அமைப்பு இது. ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

ஸு தெலு ரி மவின் இலெ ம கொப.

சொல்லுக்குச் சொல் பிரித்தால்: ஸு (இறந்தகாலம்), தெலு (கொடு), ரி (கேள்விப்பட்டது), மவின் (கிழவி), இலெ (மீன்), ம (-க்கு), கொப (நாய்). கிழவி நாய்க்கு மீன் கொடுத்தாளாம். ரி இருக்கும் இடத்தில் ப வைத்தால் சொல்பவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், கெ வைத்தால் ஊகிக்கிறார்.

இதுவரை சிக்கல் இல்லை. 'கிழவி பார்த்த நாய்' என்று சொல்ல முயன்றால் தெரியும் சேதி. வினைமுதல் மொழியில் எச்சத் தொடர் பெயருக்குப் பின்னால் வருவதே இயல்பு. அதனால் வெ என்று ஓர் இணைப்புச்சொல் வைத்து, ரன என்பது 'பார்' என்று கொண்டு, இப்படி எழுதுகிறோம்: கொப வெ ஸு ரன மவின். ஆனால் இது கிழவி பார்த்த நாயா, கிழவியைப் பார்த்த நாயா? வினைக்குப் பின்னால் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சுகிறது. அது எழுவாயா செயப்படுபொருளா என்று காட்ட எதுவும் இல்லை. அகராதியில் 3,000 சொல் இருந்தாலும் இந்த ஓட்டை தெரிந்திருக்காது. ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீர்வு பல. செயப்படுபொருளுக்கு உருபு வைக்கலாம், ஆனால் அது மொழி முழுவதையும் பாதிக்கும். சின்ன வைத்தியம்: தொடருக்குள் காலியான இடம் செயப்படுபொருளின் இடமாக இருந்தால் அங்கே 'அது' என்ற பொருளில் ஒரு சுட்டுப்பெயரை விட்டுவைப்பது. கொப வெ ஸு ரன மவின் லு என்றால் கிழவி பார்த்த நாய். லு இல்லையென்றால் கிழவியைப் பார்த்த நாய். உண்மையான மொழிகள் பலவும் இதே வழியில் போகின்றன. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள், எச்சத் தொடருக்குள் ரி, ப, கெ எதுவும் வரவில்லை. அதுவும் ஒரு விதிதான், உடனே எழுதிவையுங்கள். எழுதாத விதி அடுத்த மாதம் வேறு விதியாகிவிடும்.

ஆகவே, இலக்கணம் முடிந்தபின் மொழிபெயர்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. 40 சொல்லும் பத்து விதியும் சேர்ந்ததுமே தொடங்கிவிடுங்கள். முதல் சுற்றுக்கு ஏற்ற வாக்கியங்கள்: எளிய கூற்று, எதிர்மறை, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வி, 'யார்' கேள்வி, ஏவல், 'அவன் மருத்துவன்' என்பதுபோல வினையில்லாத் தொடர், 'என்னிடம் இருக்கிறது', ஒப்பீடு, 'வந்தால் கொடுப்பேன்', 'வருவதாகச் சொன்னான்', 'அழ வைத்தாள்'. பெரும்பாலான மொழிகள் முதலில் கோளாறு காட்டுவது ஒப்பீட்டிலும் 'இருந்தால்' தொடரிலும்தான், ஏனென்றால் அவற்றைப் பற்றி முன்கூட்டி யாரும் யோசிப்பதில்லை. எதிர்மறைக்கும் ஒரு எச்சரிக்கை. தமிழில் 'இல்லை', 'அல்ல', 'மாட்டேன்', 'கூடாது', 'வேண்டாம்' எல்லாம் வேறுவேறு வேலை செய்கின்றன. 'இல்லை' என்று ஒரே ஒரு சொல்லை வைத்துவிட்டு நகர்ந்தால் பின்னால் தடுமாறுவீர்கள்.

இப்போது சொற்களுக்கு வரலாம். ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கேட்டபின்தான் அதை உருவாக்க வேண்டும். தமிழில் கை என்றால் தோளிலிருந்து விரல்வரை எல்லாமே. ஆங்கிலம் அதை இரண்டாக வெட்டுகிறது. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' ஒன்றுதான். ரஷ்ய மொழியில் வெளிர்நீலமும் கருநீலமும் இரண்டு தனி நிறங்கள். நாம் அண்ணன், தம்பி என்று வயதால் பிரிக்கிற இடத்தில் பல மொழிகள் பிரிப்பதே இல்லை. அகராதியில் 'கை = ...' என்று ஒரே வரியில் முடிக்காமல், இது எதையெல்லாம் குறிக்கும், எதைக் குறிக்காது, ஒரு மாதிரி வாக்கியம் என்று மூன்று கட்டம் வைத்தால் 300 சொல்லே 2,000 சொல்லின் வேலையைச் செய்யும். நிறம் வைப்பவர்கள் ஆய்வாளர்கள் பெர்லின், கே இருவரும் 1969இல் காட்டிய வரிசையை அறிந்திருப்பது நல்லது: இரண்டே நிறச்சொல் உள்ள மொழியில் அவை கருமையும் வெண்மையும் சார்ந்தவை, மூன்றாவது சேர்ந்தால் அது சிவப்பு.

சொல்லை விதையாக வையுங்கள், மீதியை ஒட்டுகளால் வளர்த்துக்கொள்ளலாம். எஸ்பெராண்டோவில் மருத்துவமனையைக் குறிக்கும் 'மல்சனுலேயோ'வைப் பிரித்தால் தெரியும்: மல் எதிர்ப்பொருள், சன் நலம், உல் அப்படிப்பட்ட ஆள், எய் இடம், ஓ பெயர்ச்சொல் ஈறு. நலமில்லாதவர் இடம். பத்து ஒட்டு இருந்தால் (செய்பவர், கருவி, இடம், சிறுமை, எதிர்ப்பொருள், தொகுதி...) 100 வேரிலிருந்து பல நூறு சொல் தானாக வரும். எல்லாவற்றையும் இப்படியே செய்தால் மொழி மரத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். பத்துக்கு இரண்டு சொல்லாவது காரணம் தெரியாத தனிச்சொல்லாக இருக்கட்டும்.

வகைப்பாட்டிலிருந்து சொல்லைச் செய்யும் ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். உயிருள்ளவை எல்லாம் இந்த எழுத்தில் தொடங்கும், அதில் செடி இது, அதில் பூ இது என்று அடுக்குவது. ஜான் வில்கின்ஸ் 1668இல் ஒரு பெரிய நூலாகவே இதைச் செய்தார். படிக்க அழகு, புழக்கத்துக்கு ஆகாது. நெருங்கிய பொருள்களுக்கு ஓர் எழுத்து மட்டும் மாறிய சொற்கள் கிடைக்கும். ஒரே பேச்சில் சேர்ந்து வரக்கூடிய இரண்டு பூக்களின் பெயரும் ஒன்றுபோலவே ஒலித்தால் கேட்பவர் குழம்பத்தான் செய்வார். சேர்ந்து புழங்கும் சொற்கள் ஒலியில் விலகி நிற்பதே நல்லது.

சொற்களைக் கையால் செய்தால் 50க்குமேல் எல்லாம் ஒரே வார்ப்பில் வரத் தொடங்கும். கணினியில் அசைவிதியைக் கொடுத்துத் தாறுமாறாக 200 வடிவங்களை எடுத்து, காதுக்குப் பிடித்ததைப் பொறுக்குங்கள். எல்லா ஒலிக்கும் சம வாய்ப்பு கொடுத்தால் செயற்கையாக ஒலிக்கும். சில ஒலி அடிக்கடியும் சில அபூர்வமாகவும் வருமாறு எடை கொடுக்க வேண்டும்.

மொழிக்கு வயது சேர்க்க விரும்பினால் மேலே கட்டியதை 'பழைய வடிவம்' என்று வைத்து, அதன்மேல் ஒலிமாற்ற விதிகளை ஓட்டுங்கள். ஒலிமாற்றம் எப்படி நடக்கும் என்று நம் வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். பழைய பகரம் கன்னடத்தில் சொல்முதலில் ஹகரமானது: பால் ஹாலு, பத்து ஹத்து. தமிழோ வேறோர் இடத்தில் மாறியது. கன்னடத்தில் கிவி என்று ககரத்தோடு நிற்பது தமிழில் செவி. இ, எ முன்னால் க சகரமானது. ஆனால் கிளி, கெடு ஏன் மாறவில்லை? அடுத்து வரும் ள, ட போன்ற நாமடி ஒலிகள் மாற்றத்தைத் தடுத்துவிட்டன. நல்ல ஒலிவிதி இப்படித்தான் இருக்கும்: நிபந்தனை இருக்கும், அந்த நிபந்தனைக்குள் வரும் எல்லாச் சொல்லையும் தொடும், பிடித்த சொல்லை விட்டுவைக்காது.

மாதிரி மொழியில் 'மெக' என்றால் வீடு என்று வைப்போம். பன்மைக்குக் கடைசி உயிர் விழுந்து இ ஏறும்: மெகி. இப்போது இரண்டு விதி. ஒன்று, இ, எ முன்னால் க மாறி 'பச்சை'யில் வரும் ச ஆகும். இரண்டு, ஈரசையும் அதற்கு மேலும் உள்ள சொல்லின் இறுதி இ, உ உதிரும். மெகி முதல் விதியால் மெசி, இரண்டாவதால் மெச். ஒருமை மெக, பன்மை மெச். பன்மை விகுதியே மறைந்துபோய், மெய் மாறியதே பன்மைக்கு அடையாளமாக நிற்கிறது. விதிகளை இடம் மாற்றி ஓட்டினால் இகரம் முதலிலேயே உதிர்ந்து மெக் என்றுதான் வரும், ச வரவே வராது. எனவே விதிகளுக்கு எண் போட்டு வையுங்கள். பக்கவிளைவையும் பாருங்கள்: தெலு இப்போது தெல். பழைய மொழியில் தெலி என்று ஒரு சொல் இருந்திருந்தால் அதுவும் தெல். சொல்லின் இறுதியில் ன், ல் மட்டும்தான் வரும் என்ற பழைய விதியும் உடைந்துவிட்டது. இதெல்லாம் கோளாறு இல்லை, இப்படி வரும் ஒழுங்கின்மைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கையால் தூவிய ஒழுங்கின்மை ஒருபோதும் இப்படி அமையாது. நாலைந்து விதி போதும். இருபது ஓட்டினால் வேர் எது என்றே அடையாளம் தெரியாது.

எண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தடுக்கு வேண்டாமென்றால் பன்னிரண்டோ இருபதோ வையுங்கள், 1 முதல் 30 வரை எழுதிப் பாருங்கள், போதும்.

எழுத்துருவைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. ஒலி மாறினால் எழுத்தும் மாற வேண்டியிருக்கும். மாதிரி மொழிக்கு உயிர்மெய் 45, தனி உயிர் 5, இறுதி ன், ல் இரண்டு, ஆக 52 வடிவம் போதும். வரைந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் வேகமாக ஐம்பது முறை எழுதுங்கள். கை எங்கே கோணத்தை வளைவாக்குகிறதோ, எங்கே இரண்டு கோடு ஒன்றாகிறதோ, அதுதான் உண்மையான எழுத்து. வேகத்தில் எந்த இரண்டு எழுத்து ஒன்றுபோல ஆகிறதோ அவற்றில் ஒன்றை மாற்றுங்கள். கணினியில் தட்டச்ச வேண்டுமானால் யூனிகோடில் தனிப்பயன்பாட்டுக்கென அடிப்படைத் தளத்தில் 6,400 இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. உங்கள் எழுத்துருவை அங்கே பொருத்தலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் பெட்டிகள்தான் தெரியும் என்பதால் ஒலிபெயர்ப்பையும் கூடவே வையுங்கள்.

பதிவு வைக்க ஒரு விரிதாள் போதும். சொல், பழைய வடிவம், பொருள், எதைக் குறிக்காது, மாதிரி வாக்கியம், தேதி. பாலிகிளாட் என்ற இலவச மென்பொருள் அகராதியையும் வேற்றுமை அட்டவணையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். இலக்கணத்தைத் தனிக் கோப்பில், ஒவ்வொரு விதிக்கும் எண்ணோடும் குறைந்தது இரண்டு எடுத்துக்காட்டோடும் எழுதுங்கள். விதியை மாற்றும்போது பழையதை அழிக்காமல் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்துவைத்துவிட்டு மாற்றுங்கள், மாற்றியவுடன் பழைய வாக்கியங்களில் பத்தையாவது மறுபடி எழுதிச் சரிபாருங்கள். ஒதுக்கிவைத்த 300 சொல்லையும் இந்தக் கட்டத்தில் திறக்கலாம். அசைவிதிக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாதவற்றை அண்டைமொழியிலிருந்து வந்த கடன்சொல் என்று வைத்து, உங்கள் மொழியின் வாய்க்கு ஏற்ப வளையுங்கள். 'ஸ்கூல்' நம் வாயில் 'இஸ்கூல்' ஆனதுபோல.